மூடி திறக்கும் கை

பீரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மால்ட்டிலும் ஹாப்ஸிலும் நின்றுவிடுகிறார்கள். எந்த ஊர் பார்லி, எந்தப் பள்ளத்தாக்கில் விளைந்த ஹாப்ஸ், எந்த வகை ஈஸ்ட் என்று பட்டியல் நீளும். காய்ச்சும் நாளைப் பற்றியும் நிறையச் சொல்வார்கள். ஆவியும் வாசனையும் பரபரப்பும் அன்றைக்குத்தானே! நான் ரசிப்பது அதற்கு அடுத்து வரும் சத்தமில்லாத வேலையை. நொதித்துக்கொண்டிருக்கும் பீரிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்ப்பது. முடிந்ததும் மொத்தத்தையும் ஒரு கலத்திலிருந்து இன்னொரு கலத்துக்கு மாற்றுவது. பீர் வெளியே வர வேண்டும், வேறெதுவும் உள்ளே போய்விடக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வீட்டில் பீர் போடுகிறவர் தேர்ந்தவரா, வெறும் ஆர்வக்கோளாறா என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

இந்தக் கலை செழித்தது அமெரிக்க வீடுகளின் கார் கொட்டகைகளில். அங்கேயும் அது நெடுங்காலம் சட்டத்துக்குப் புறம்பாகவே இருந்தது. 1933இல் நாடு தழுவிய மதுவிலக்கு நீங்கியபோது வீட்டில் ஒயின் செய்துகொள்ள வழி கிடைத்தது, பீருக்குக் கிடைக்கவில்லை. 1978 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் குறையைத் தீர்த்தது. வயதுவந்தவர் ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலன், இருவரோ அதற்கு மேலோ இருந்தால் 200 கேலன் வரை வரியில்லாமல் போட்டுக்கொள்ளலாம், விற்கக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் தனியாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்ததால் கடைசி இரண்டு மாநிலங்களான மிசிசிப்பியும் அலபாமாவும் வழிக்கு வர 2013 ஆகிவிட்டது. பிரிட்டனில் 1963லேயே உரிமம் வாங்கும் தொல்லை ஒழிந்திருந்தது.

அமெரிக்க வழக்கத்தில் ஓர் ஈடு என்றால் ஐந்து கேலன், கிட்டத்தட்ட 19 லிட்டர். வாளியும் கண்ணாடிக் குடுவையும், குளிர்பான நிறுவனங்கள் கழித்துப்போட்ட ஸ்டீல் கெக்குகளும் அந்த அளவுக்கேற்ப அமைந்துவிட்டன. ஐம்பது பாட்டில் பீர் அதில் தேறும். ஒரு கவனக்குறைவில் பாழாவதும் அந்த ஐம்பதும்தான்.

பாழாவது என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிட வேண்டும். கொதிக்கவைத்து இறக்கிய மால்ட் சாற்றில் ஈஸ்ட் சேர்வதற்கு முன் எந்தக் கிருமியும் குடியேறலாம். இனிப்பும் சத்தும் வெதுவெதுப்பும் அங்கே தாராளமாக இருக்கின்றன. ஈஸ்ட் பிடித்துக்கொண்ட பிறகு நிலைமை மாறுகிறது. சர்க்கரையில் பெரும்பகுதி தீர்ந்துபோகிறது, ஆல்கஹால் சேருகிறது, அமிலத்தன்மை கூடி பிஹெச் 4க்கும் 4.5க்கும் இடையே வந்து நிற்கிறது. ஆக்சிஜன் அநேகமாக இல்லை. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களும் பல பாக்டீரியாக்களைத் தலையெடுக்க விடுவதில்லை. மனிதரை நோயில் தள்ளும் கிருமிகள் இந்தச் சூழலில் வளர்வதில்லை. கெட்டுப்போன பீரில் பெரும்பாலும் உடம்புக்கு வரும் கேட்டைவிட மனதுக்கு வரும் வருத்தமே அதிகம்.

இந்தக் காவலையும் மீறி நுழையக்கூடியவர்கள் சிலர்தான். லாக்டோபேசில்லஸ் வந்தால் பீர் புளிக்கும். பீடியோகாக்கஸ் வந்தால் வெண்ணெய் வாடை அடிக்கும், சில சமயம் ஊற்றும்போது கோழையாக இழையும். அசிட்டோபேக்டர் வினிகர் ஆக்கிவிடும். ஆனால் அதற்கு ஆக்சிஜன் வேண்டும். காட்டு ஈஸ்ட் வகைகள் கிராம்பு, பிளாஸ்டிக், தொழுவம் என்று வேண்டாத மணங்களைக் கொண்டுவரும். அவற்றுள் சில, மற்ற ஈஸ்ட்டுகள் தொடாமல் விட்ட மாவுச்சத்தின் மிச்சத்தையும் மெதுவாகத் தின்னும். அதனால் மூடிய பாட்டிலுக்குள் வாயு ஏறிக்கொண்டே போய் ஒருநாள் பாட்டிலே வெடிக்கும். இவர்கள் வரும் வழிகளும் சிலவே. காற்றில் மிதக்கும் தூசி, பழ ஈ, பிளாஸ்டிக் வாளியின் உட்கீறல், சரியாகக் கழுவாத குழாய், கடைசியாக நம் கையும் வாயும்.

இதையெல்லாம் முதலில் கண்ணால் கண்டவர்களில் ஒருவர் லூயி பாஸ்டர். 1871இல் அவர் லண்டனில் விட்பிரெட் ஆலைக்குப் போய், அங்கிருந்த ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, எது கெட்டிருக்கிறது என்று சொன்னார். சில நாள் கழித்து மறுபடி போனபோது ஆலைக்காரர்கள் சொந்தமாகவே ஒரு நுண்ணோக்கி வாங்கி வைத்திருந்தார்கள். 1876இல் பீர் பற்றிய அவருடைய ஆய்வுநூல் வந்தது. பாஸ்டர் பாக்டீரியாவைக் குற்றவாளியாகக் காட்டினார். ஈஸ்ட்டிலேயே களை உண்டு என்று காட்டியவர் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சென். ஒற்றை ஈஸ்ட் செல்லைப் பிரித்தெடுத்து அதிலிருந்து ஒரு தூய பரம்பரையை வளர்த்தார். 1883 நவம்பரில் கார்ல்ஸ்பெர்க் அதை ஆலையில் பயன்படுத்தத் தொடங்கியது. ஆலையின் நிறுவனர் ஜே. சி. ஜேக்கப்சன் அந்த ஈஸ்ட்டைப் பூட்டி வைத்துக்கொள்ளவில்லை. மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தார்.

பாஸ்டரின் வளைகழுத்துக் குடுவை பள்ளிப் பாடத்தில் வரும். குடுவையின் வாய் திறந்தே இருக்கிறது, காற்று போய்வருகிறது, ஆனால் தூசி வளைவில் தங்கிவிடுவதால் உள்ளே இருக்கும் சாறு கெடுவதில்லை. வீட்டு பீர்க்காரர் நினைவில் வைக்க வேண்டிய அடிப்படை அதில் இருக்கிறது. பாக்டீரியாவுக்கு இறக்கை கிடையாது. அது தூசியில் ஏறி வந்து மேலிருந்து கீழே விழுகிறது. மேலே ஒரு மறைப்பு இருந்தால் பாதி வேலை முடிந்தது. நொதிகலத்தின் மூடியில் செருகியிருக்கும் ஏர்லாக் அந்தச் சிந்தனையின் வாரிசுதான். உள்ளே உண்டாகும் கரியமில வாயு நீரில் குமிழியிட்டு வெளியேறும். வெளிக்காற்று உள்ளே வராது. மூடியை யாரும் தொடாதவரை பீர் பத்திரமாக இருக்கும். கலை தொடங்குவது தொட வேண்டி வரும்போது.

ஆரிகனில் எனக்குப் பழக்கமான மூத்த பீர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற தச்சர். அவர் மாதிரி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் மேலே சுழலும் மின்விசிறியை நிறுத்துவார். கருவிகளைக் காலையிலேயே தேய்த்துக் கழுவி வைத்திருப்பார். அழுக்கின் மேல் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது என்பதால் கழுவுவது வேறு, கிருமி நீக்குவது வேறு என்பதில் அவர் கறார். பிறகு ஸ்பிரே பாட்டில் கைக்கு வரும். அதில் இருப்பது ஸ்டார் சான் என்ற அமிலக் கரைசல், ஐந்து கேலன் தண்ணீருக்கு ஓர் அவுன்ஸ் விகிதம். ஒன்றிரண்டு நிமிடம் பரப்பு நனைந்திருந்தால் போதும், திரும்பக் கழுவ வேண்டியதில்லை. நுரை ஒட்டியிருக்கும், புதியவர்கள் அதைப் பார்த்துக் கவலைப்பட்டுக் குழாய்த் தண்ணீரில் அலசுவார்கள். அலசினால் செய்த வேலை வீண். அந்த நுரை சிறிது பீருக்குள் போனாலும் கெடுதல் இல்லை.

குடுவையின் கழுத்து, தக்கை, தக்கையைச் சுற்றியுள்ள இடம், தன் விரல்கள் எல்லாவற்றிலும் ஸ்பிரே அடிப்பார். ஒயின் தீஃப் என்ற நீண்ட குழாய் ஏற்கெனவே கரைசலில் ஊறிக்கொண்டிருக்கும். அதன் கீழ்முனையில் ஒரு சிறு வால்வு. பீருக்குள் இறக்கினால் வால்வு திறந்து நிரம்பும், தூக்கினால் மூடிக்கொள்ளும், அளவைச் சாடியின் உட்சுவரில் முனையை வைத்து அழுத்தினால் மறுபடி திறந்து பீரை விடும். தக்கையை எடுத்த கணத்திலிருந்து திரும்பச் செருகும் வரை அவர் பேசமாட்டார். நாம் ஏதாவது கேட்டாலும் பதில் வராது. எடுத்தவுடன் குடித்துப் பார்க்கும் ஆசையும் கிடையாது. முதலில் தக்கை, அதன் மேல் மறுபடி ஒரு ஸ்பிரே, பிறகுதான் சாடியின் பக்கம் திரும்புவார். மொத்தமாகக் குடுவை திறந்திருந்தது அரை நிமிடம்கூட இருக்காது. அவசரம் எங்கும் தெரியாது. எல்லாம் முன்கூட்டியே தன் இடத்தில் இருந்ததால் கிடைத்த வேகம் அது.

சாடியில் எடுத்ததைத் திரும்ப ஊற்றக் கூடாது என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. நம் வீடுகளில் ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக் கரண்டி போட்டால் பாட்டி என்ன சொல்வாள் என்று நமக்குத் தெரியும். அதே விதிதான் இங்கேயும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மிதக்க 100 மில்லியாவது வேண்டும். சிக்கனக்காரர்களுக்கு அது உறுத்தும். 'நாலு வாய் பீர் போகிறதே' என்று திருப்பி ஊற்றுவார்கள். அந்த நாலு வாய் சாடியைத் தொட்டது, ஹைட்ரோமீட்டரைத் தொட்டது, காற்றில் நின்றது. கிருமி போகாவிட்டாலும் ஆக்சிஜன் நிச்சயம் போகும். எடுத்தது குடிப்பதற்கு, உள்ளே இருப்பது காத்திருப்பதற்கு.

ஹைட்ரோமீட்டர் வாசிப்பதிலும் ஒரு நயம் இருக்கிறது. காய்ச்சிய அன்று 1.050 காட்டிய சாறு நொதித்து 1.012க்கு இறங்கியிருந்தால், வித்தியாசத்தை 131.25ஆல் பெருக்கினால் ஆல்கஹால் ஏறக்குறைய 5 சதவீதம் என்று கிடைக்கும். கணக்கு எளிது, கண்தான் ஏமாற்றும். மாதிரியில் கரைந்திருக்கும் வாயு குமிழ்களாக ஹைட்ரோமீட்டரின் உடலில் ஒட்டிக்கொண்டு அதைத் தூக்கும்; அளவு உண்மையைவிட அதிகமாகத் தெரியும். விரலால் லேசாகச் சுழற்றிவிட்டால் குமிழ்கள் உதிரும். திரவம் தண்டை ஒட்டி மேலேறி நிற்கும் விளிம்பைப் பார்க்கக் கூடாது, கீழ்மட்டத்தைப் பார்க்க வேண்டும். மாதிரி சூடாக இருந்தால் அளவு குறைத்துக் காட்டும். சில துளியே போதும் என்பதால் சிலர் ரிஃப்ராக்டோமீட்டரை விரும்புவார்கள். நொதித்த பிறகு ஆல்கஹால் அதன் கணக்கைக் குழப்பிவிடும். திருத்தக் கணக்கு போடாமல் அந்த எண்ணை நம்ப முடியாது.

எண்ணைப் பார்த்த பிறகு வரும் கட்டம்தான் ரசிகனுக்கு உரியது. சாடியில் இருப்பது இன்னும் பீர் ஆகாத பீர். வெதுவெதுப்பாக இருக்கும், நுரை இல்லை, ஈஸ்ட் கலங்கி மங்கலாக இருக்கும். அதைக் குடித்து நாளைய பீரைக் கண்டுகொள்வதற்கு நாக்கு பழக வேண்டும். பச்சை ஆப்பிள் வாடை வந்தால் வேலை இன்னும் முடியவில்லை என்று பொருள். வெண்ணெய் வாடை வந்தால் ஈஸ்ட்டுக்கு இன்னும் இரண்டு மூன்று நாள் கொடுக்க வேண்டும். வாடை வராமலே அது ஒளிந்திருப்பதும் உண்டு. அதைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. மாதிரியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை மூடிய டம்ளரில் வெந்நீரில் வைத்து 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வரை இருபது நிமிடம் சூடாக்கி, ஆறவிட்டு, இரண்டையும் முகர வேண்டும். சூடாக்கியதில் மட்டும் வெண்ணெய் வாடை வந்தால் அதற்கான மூலப்பொருள் பீருக்குள் இன்னும் காத்திருக்கிறது. இப்போதே பாட்டிலில் அடைத்தால் பிறகு அது வெளிப்படும்.

புளிப்போ வினிகரோ தெரிந்தால் அது வேறு கதை. பார்வையும் உதவும். பீரின் மேல் வெள்ளைத் தோல் போலப் படலம் கட்டியிருந்தால் விருந்தாளி வந்துவிட்டார். ஈஸ்ட் நுரையின் மிச்சமும் அப்படித் தோன்றி ஏமாற்றும் என்பதால், கண்ணால் கண்டதை நாக்கால் உறுதி செய்யாமல் சாக்கடையில் கொட்டுவது அவசரக்குடுக்கைத்தனம்.

எத்தனை முறை மாதிரி எடுப்பது? மேதாவிகள் தினமும் எடுப்பார்கள். தேவை அவ்வளவில்லை. நொதிப்பு முடிந்ததா என்று அறிய, இரண்டு மூன்று நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் ஒன்றாக இருந்தால் போதும். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டது என்பது சாட்சி ஆகாது. மூடி சரியாக இறுகாவிட்டாலும் குமிழி நிற்கும். "பார்த்தே ஆக வேண்டும் என்றால் கண்ணாடி வழியாகப் பாருங்கள்" என்பார் தச்சர். இப்போது டில்ட் போன்ற மிதக்கும் கருவிகள் வந்துவிட்டன. முதல் நாளே கிருமி நீக்கிப் பீருக்குள் போட்டுவிட்டால் அடர்த்தியையும் வெப்பத்தையும் கைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். மூடியைத் தொடவே வேண்டாம். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் அது எண்ணைச் சொல்லும், வெண்ணெய் வாடையைச் சொல்லாது. முடிவுக்கு முன் ஒருமுறையாவது நாக்கு தேவைப்படும்.

அடியில் திருகு குழாய் வைத்த வாளிகளில் மூடியைத் திறக்காமலே மாதிரி எடுக்கலாம். வசதி என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். எடுத்து முடித்த பின் குழாயின் மூக்கில் ஒரு துளி தங்கி, காய்ந்து, அடுத்த முறை திறப்பதற்குள் அங்கே ஒரு குடியிருப்பு உருவாகிவிடும். எடுப்பதற்கு முன் ஸ்பிரே அடிப்பவர்கள் நிறையப் பேர். எடுத்த பின்னும் மூக்கின் உட்புறத்தில் அடிப்பவர்கள் குறைவு. கைதேர்ந்தவர் யாரென்று அந்த இரண்டாவது ஸ்பிரே சொல்லிவிடும். ஜெர்மன் ஆலைகளில் முதிர்ச்சித் தொட்டியின் பக்கவாட்டில் சிறிய மாதிரிக் குழாய் ஒன்று இருக்கும். வடிகட்டாத அந்தப் பீரைத் தலைமைக் காய்ச்சுநர் நேராகப் பிடித்துச் சுவைப்பார். அந்தச் சுவைக்கு ரசிகர்கள் பெருகி, சுவிக்கல்பியர் என்று கடைக்கும் வந்துவிட்டது.

மாதிரி எடுக்கும் உத்திகளில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஆணி. கலிபோர்னியாவின் சாண்டா ரோசாவில் ரஷ்யன் ரிவர் என்ற ஆலையை நடத்தும் வின்னி சிலூர்சோ, பழைய ஒயின் பீப்பாய்களில் புளிப்பு பீர் முதிர வைப்பவர். மாதக்கணக்கில் பீப்பாயில் கிடக்கும் பீரின் மேல் படலம் ஒன்று உருவாகும்; ஆக்சிஜனை ஓரளவு தடுக்கும் திரை அது. மேல்வாயைத் திறந்து குழாயை இறக்கினால் அந்தத் திரை கிழியும், காற்று புகும். அவர் செய்தது இது: பீப்பாயின் தட்டையான முகப்பில் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளை போட்டு, ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணியை அடித்து வைத்தார். சுவை பார்க்க வேண்டுமென்றால் குறடால் ஆணியை உருவினால் போதும். மெல்லிய தாரையாகப் பீர் கோப்பையில் பாயும்; போதுமானதும் ஆணியைத் திரும்பத் தட்டிவிடலாம். மேலே திரை குலையாமல் இருக்கும். சாதாரண இரும்பு என்றால் பீரின் அமிலத்தில் துருப்பிடித்துச் சுவையைக் கெடுக்கும் என்பதால்தான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பீப்பாயில் பீர் வைக்கும் பலரும் இன்று இதைப் பின்பற்றுகிறார்கள்; அந்த ஆணிக்கு வின்னியின் பெயரே நிலைத்துவிட்டது. சில்லறைக் காசில் கிடைத்த தீர்வு!

இனி மாற்றுவது. நொதிப்பு முடிந்த பீரின் அடியில் ஈஸ்ட்டும் ஹாப்ஸ் தூளும் மண்டியாகப் படிந்திருக்கும். மேலே தெளிந்ததை மட்டும் எடுத்துப் பாட்டிலுக்கோ கெக்குக்கோ இறக்க வேண்டும். வாளியைச் சாய்த்து ஊற்றினால் மண்டி கலங்கும், காற்றும் கலக்கும். அதனால்தான் சைஃபன். கலத்தை மேசை மேல் வைத்து, குழாயைக் கீழே விட்டால், ஈர்ப்பு விசை மீதியைப் பார்த்துக்கொள்ளும். மோட்டார் வேண்டாம், சத்தம் வேண்டாம். தொடக்கம்தான் சிக்கல். வாயை வைத்து உறிஞ்சுவது பழைய பழக்கம். மனித வாயில் லாக்டோபேசில்லஸ் தாராளமாக வாழ்கிறது. அந்த ஒரு உறிஞ்சலில் இத்தனை நாள் காத்த காவலை நாமே திறந்துவிடுகிறோம். கைபம்ப் உள்ள ஆட்டோசைஃபன் இப்போது மலிவு. இல்லாவிட்டால் குழாய் முழுவதும் கிருமிநாசினிக் கரைசலை நிரப்பி, முனையை விரலால் அடைத்து, மறுமுனையைப் பீரில் இறக்கிவிட்டுக் கீழே திறந்தால் போதும். முதலில் வரும் கரைசலைத் தனிப் பாத்திரத்தில் பிடித்துவிட்டு, பீரின் நிறம் வந்ததும் கலத்துக்கு மாற்றலாம்.

அந்த இறக்கத்தை நிதானமாகப் பார்ப்பது சுகம். குழாயின் மேல்முனை பீரின் நடுமட்டத்தில் நின்று, மட்டம் இறங்க இறங்கக் கூடவே இறங்க வேண்டும். மண்டியைத் தொடக் கூடாது. கீழ்முனை புதிய கலத்தின் தரையில் சுருண்டு கிடக்க வேண்டும். அப்போது பீர் அடியிலிருந்து சலனமில்லாமல் நிரம்பும், சலசலப்பு கேட்காது. சலசலப்பு கேட்டால் காற்று கலக்கிறது என்று பொருள். கடைசி ஒரு லிட்டரில்தான் மனிதரின் குணம் தெரியும். இன்னும் கொஞ்சம் வரட்டும் என்று குழாயை அழுத்துகிறவர் மண்டியையும் சேர்த்து வாங்கிக்கொள்வார். தச்சர் அந்த லிட்டரை விட்டுவிடுவார்.

கிருமிக்குப் பயந்து ஆக்சிஜனை மறந்தவர்கள் ஏராளம். தேர்ந்த கைகளில் இன்று பீரைக் கெடுப்பது பெரும்பாலும் கிருமி அல்ல, காற்றுதான். காற்றுப்பட்ட பீர் சில வாரங்களில் நனைந்த அட்டைப்பெட்டி வாடைக்கு வந்துவிடும். ஹாப்ஸ் மிகுதியாகப் போட்ட நியூ இங்கிலாந்து வகை ஐபிஏவில் அழிவு இன்னும் வேகம். மாம்பழச் சாற்றின் மஞ்சளில் இருந்த பீர் பழுப்பேறி, மணம் சுருங்கிவிடும். குளிரவைக்கும்போதும் கவனம் வேண்டும். வெப்பம் குறையக் குறைய உள்ளே இருக்கும் வாயு சுருங்கி, ஏர்லாக்கில் இருக்கும் நீரையும் அதன் பின்னே வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் பதிலாக வந்ததுதான் மூடிய மாற்றம். ஸ்டீல் கெக்கை விளிம்பு வரை கிருமிநாசினிக் கரைசலால் நிரப்பி, கரியமில வாயுவின் அழுத்தத்தால் அந்தக் கரைசலை வெளியே தள்ளினால், உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் வாயு மட்டும் இருக்கும். வெறும் கெக்கில் சிறிது வாயு விட்டால் அது கனமானது என்பதால் அடியில் போர்வையாகப் படுத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை ஒன்று உண்டு. அது தவறு, வாயுக்கள் சிறிது நேரத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடும். பிறகு நொதிகலத்திலிருந்து வரும் குழாயைக் கெக்கின் பீர் வாயில் இணைத்தால், உள்ளே தரைவரை நீளும் குழாய் வழியாகப் பீர் அடியிலிருந்து ஏறும். அது தள்ளும் வாயுவை இன்னொரு குழாயால் நொதிகலத்தின் மேற்பகுதிக்கே திருப்பிவிடலாம். பீர் ஒருபக்கம் இறங்குகிறது, வாயு மறுபக்கம் ஏறுகிறது. இரண்டுக்கும் நடுவே அறையின் காற்றுக்கு வேலையே இல்லை. கெக்கின் வெளிச்சுவரில் பனித்த ஈரக்கோடு மெல்ல மேலேறுவதை வைத்து எவ்வளவு நிரம்பியது என்று கணிக்கலாம். பீரை ஒரு நொடிகூடக் கண்ணால் பார்க்காமல் செய்யும் வேலை இது.

இதற்கு நேர் எதிரான மரபு ஒன்றும் உண்டு. பிரஸ்ஸல்ஸில் 1900 முதல் இயங்கும் கான்டியோன் ஆலையில், காய்ச்சிய சாற்றைக் கூரைக்கடியில் அகலமான ஆழமற்ற செம்புத் தொட்டியில் ஊற்றி, குளிர்காலத்து இரவுக் காற்றில் ஆறவிடுவார்கள். ஈஸ்ட் சேர்ப்பதில்லை, காற்றில் வருவதும் பீப்பாய் மரத்தில் குடியிருப்பதும் நொதிக்கவைக்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு பீப்பாய்களைச் சுவைத்துக் கலந்தால் கூஸ் கிடைக்கும். அங்கே விருந்தாளிகளை அழைத்துத்தான் பீர் பிறக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, பிறகு எதற்கு இந்த ஸ்பிரேயும் சட்டதிட்டமும் என்று கேட்பவர்கள் உண்டு. கான்டியோன்காரர்களின் காற்று, அவர்கள் மரம், அவர்கள் பருவம், மூன்றாண்டுப் பொறுமை, கலக்கும் நாக்கு எல்லாம் சேர்ந்துதான் அந்தப் பீர். வீட்டில் புளிப்பு பீர் போடும் கெட்டிக்காரர்களைக் கேளுங்கள். அவர்களிடம் இரண்டு ஜோடிக் குழாய்கள், இரண்டு ஜோடித் தக்கைகள், இரண்டு வாளிகள் இருக்கும். புளிப்புக்குத் தொட்டது மற்றதைத் தொடாது. காட்டு ஈஸ்ட்டை விரும்பி வளர்க்கிறவரே அதற்கு வேலியும் போடுகிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கவனம் பயமாக முற்றிவிடக் கூடாது. ஒவ்வொரு கருவியையும் ப்ளீச்சில் ஊறவைத்து, அது பீரில் கலந்து மருந்துக்கடை வாடை அடித்தவர்கள் உண்டு. ஒரு ஈ விழுந்ததற்காக 19 லிட்டரையும் கொட்டியவர்களும் உண்டு. நொதித்து முடித்த பீர் நாம் நினைப்பதைவிடத் திடமானது. ஆல்கஹால், அமிலம், ஹாப்ஸ் மூன்றும் நம் பக்கம் நின்று காவல் காக்கின்றன. காய்ச்சுகிறவர் செய்ய வேண்டியது அந்தக் காவலுக்குக் குறுக்கே நிற்காமல் இருப்பதுதான். நான் இந்தக் கலையில் மெச்சுவதும் அதைத்தான். சுத்தம் செய்வதைவிட, எப்போது தொடக் கூடாது என்று தெரிந்திருப்பது மேலானது.

தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். அங்கே இருப்பவர்கள் இதை வாசித்து ரசிப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சட்டம் அனுமதிக்கும் நாட்டில் இருந்து, இந்த ஆசை உங்களுக்கு வந்திருந்தால், என் பரிந்துரை இது: கையில் இருக்கும் பணத்தில் அரிய ஹாப்ஸ் வாங்கும் முன் நல்ல குழாயும் ஸ்பிரே பாட்டிலும் வாங்குங்கள். குழாயை ஆண்டுக்கொருமுறை தயங்காமல் மாற்றுங்கள். நொதிப்பு முடிந்ததா என்று பார்க்க இரண்டு முறை திறங்கள். மூன்றாவது முறை ஆசை வந்தால், முந்தைய ஈட்டில் மிச்சமிருக்கும் பாட்டிலைத் திறந்துகொள்ளுங்கள்.